மேம்பாலத்தடியிலிருந்து வீட்டுக்கு

தில்லியில் நாய் வளர்க்க ஆசை வந்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது விலையைத்தான்: லாப்ரடார் என்ன விலை, ஷிட்சு என்ன விலை? விலை பேசாமல் நாய் தருகிற இடங்களும் இதே ஊரில் இருக்கின்றன. டிஃபன்ஸ் காலனி மேம்பாலத்துக்கு அடியில் ஃபிரண்டிகோஸ் 1979-இல் தொடங்கியது. ராஜா கார்டனில் சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் 1980-இல் வந்தது. குருகிராம் போகிற வழியில் ரஜோக்ரியில் ஜீவாஷ்ரம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னும், நாயோடு திரும்பி வந்த பின்னும் கைகொடுக்கும் சில குறிப்புகள்:

1. குட்டி கேட்காதீர்கள். காப்பகத்துக்குப் போகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் குட்டிதான் வேண்டும். உள்ளங்கையில் உட்காருகிற குட்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் இளகாது? ஆனால் அது எவ்வளவு பெரிதாக வளரும், குலைக்குமா, குழந்தையோடு ஒத்துப்போகுமா என்று அன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மணிக்கொரு தரம் தரையை நனைக்கும். ராத்திரி அழும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கவும் கூடாது. கணவன் மனைவி இருவரும் காலையில் மெட்ரோ பிடித்து ஓடுகிற வீட்டில் அதை யார் பார்ப்பது? இரண்டு மூன்று வயதான நாயைக் கேளுங்கள். அதன் உயரம், குணம், பயம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். சில நாட்களிலேயே வெளியே போய்த்தான் காலைத் தூக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளும். எங்கள் வீட்டுக்கு வந்ததும் வளர்ந்த நாய்தான். எட்டு வயதைத் தாண்டியதை எடுத்துக்கொள்கிறவர்களுக்குத் தனியாகவே ஒரு கும்பிடு.

2. சாதி பார்க்காதீர்கள். அடர்ந்த ரோமத்தோடு பிறந்த ஹஸ்கிக்கு 45 டிகிரி வெயில் தண்டனை. நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும். மின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அதைக் கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. தில்லிக்காரர்கள் 'இண்டி' என்று அழைக்கிற நாட்டு நாய்க்குக் குட்டை ரோமம், ஒல்லி உடம்பு, கூர்ந்த காது. இந்த ஊர் வெயிலுக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். நம் ராஜபாளையம் 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்தது. தெருவில் பிறந்ததற்கு அந்தப் பெருமை இல்லை, ஆனால் புத்தியில் எதற்கும் குறைவில்லை.

3. ஒரே நடையில் முடிவு செய்யாதீர்கள். இரண்டு தரம் போங்கள், ஒரு தரமாவது குழந்தைகளையும் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். கூண்டருகே குந்தி உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்க்காமல், பக்கவாட்டில் கையை வைத்துக் காத்திருங்கள். குதித்துக் கும்மாளம் போடுவதுதான் நல்ல நாய் என்றில்லை. நிதானமாக வந்து மோந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பதுதான் அடுக்குமாடி வீட்டுக்குச் சரிப்பட்டு வரும். அலுவலகத்தில் கேட்பதைவிடச் சோறு போடுகிறவரிடம் கேளுங்கள். "பையா, இஸ்கா நேச்சர் கைசா ஹை?" (இதன் குணம் எப்படி?) என்று ஒரு வார்த்தை போதும், ஜாதகத்தையே சொல்லிவிடுவார்.

4. காகிதம் கேட்டு வாங்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள், குடற்புழு மருந்து கொடுத்த நாள், கருத்தடை ஆயிற்றா என்பது. காதின் நுனியில் சின்னதாக வெட்டு இருந்தால் காயம் என்று பதறாதீர்கள், கருத்தடை செய்ததற்கான அடையாளம் அது.

5. அவர்கள் உங்களை விசாரிப்பார்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம். சில இடங்களிலிருந்து ஆள் வந்து வீட்டைப் பார்ப்பதும் உண்டு. பால்கனிக் கம்பிக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, வீட்டில் ஆள் இல்லாத நேரம் எவ்வளவு என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி துருவுவார்கள். கோபப்படாதீர்கள். கேள்வியே கேட்காமல் நாயைக் கையில் திணிக்கிற இடம்தான் சந்தேகத்துக்குரியது.

6. தெரு நாயையே எடுத்துக்கொள்ள நினைத்தால்: 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, தில்லித் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. அதே உத்தரவில் பலர் கவனிக்காமல் விட்ட வரி ஒன்று உண்டு. நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. பால்கனியிலிருந்து பிஸ்கட் போடுவதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை ஒரு வாரம் யோசித்துவிட்டு மனுவை எழுதுங்கள்.

7. சொசைட்டியில் "நாய் கூடாது" என்றால்: குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சொல்லவும் முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே பழைய செய்தித்தாளும் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் நாய் போனதை அள்ளாமல் வந்தால் எந்தச் சுற்றறிக்கையும் காப்பாற்றாது.

8. முதல் நாள் விருந்தாளி வேண்டாம். காப்பகத்தில் நாய் படுத்த துணியில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, வீட்டின் மூலையில் பழைய போர்வையோடு போடுங்கள். அந்த இடத்துக்கு யாரும் போய் இழுக்கக் கூடாது. எங்கள் நாய் மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. சாப்பிடவும் இல்லை. "வாடா கண்ணா" என்று கொஞ்சிக் கொஞ்சிப் பார்த்தோம். நாலாம் நாள் பாத்திரம் தேய்க்க வந்த அம்மா "ஆஜா பேட்டா" என்று இந்தியில் கூப்பிட்டார். வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது! அதற்குத் தமிழ் தெரியாது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. முதல் மாதம் "பைட்டோ" (உட்கார்), "ருக்கோ" (நில்) என்றே சொல்லுங்கள். தமிழ் மெல்ல வரும்.

9. முதல் வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். தில்லியில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வரும். நாய் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்காதீர்கள். வீட்டில் முன்பு பார்வோவால் நாய் இறந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் தங்கும். விளையாட்டில் பல் பட்டால்கூட சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஊசி போட்ட நாய்தானே என்று விட வேண்டாம்.

10. தயிர்சாதம் மட்டும் போதாது. சைவ வீட்டு நாய் தயிர்சாதத்தில் வளர்ந்ததாகப் பெருமை பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வயிறு நிறையும், உடம்புக்குப் புரதம் போதாது. அவித்த முட்டையாவது, பனீராவது சேருங்கள். முடியாவிட்டால் கடையில் கிடைக்கும் உலர் உணவு இருக்கிறது. வெங்காய சாம்பார் சோறு கண்டிப்பாகக் கூடாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கிற திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும்.

11. பூனை என்றால் இன்னும் யோசியுங்கள். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானே செய்துகொள்ளாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். இல்லாவிட்டால் கண் பார்வையும் இதயமும் கெடும். மீன் வாசனையே ஆகாது என்கிற வீட்டுக்குப் பூனை வேண்டாம். தரைக்குப் பினாயில் போடுவதையும் நிறுத்த வேண்டியிருக்கும். ஈரக் காலை நக்கும்போது அது நேரே உள்ளே போகும்.

12. காலம் பார்த்து அழைத்து வாருங்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெடிச் சத்தத்தில் கதவு இடுக்கு வழியாக ஓடினால் புது நாய்க்கு உங்கள் வீடு எதுவென்றே தெரியாது. மே, ஜூனில் உலாவலை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. ஜனவரிக் குளிருக்குப் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டிப் போட்டுவிடலாம், குட்டை ரோமக்காரர்களுக்கு அழகாகவே இருக்கும்.

13. மாநகராட்சியில் பதிவு செய்யுங்கள். 1957-ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டத்திலேயே இது இருக்கிறது, செய்கிறவர்கள்தான் குறைவு. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, நாயின் படம், உங்கள் முகவரிச் சான்று ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை மார்க்கரால் எழுதுங்கள். ஒரு நாள் அது காணாமல் போனால் முதலில் உதவப்போவது அந்த எண்தான்.

14. மாற்றல் வரும் உத்தியோகமா? ஆர்.கே. புரம் அரசுக் குவார்ட்டர்ஸ்காரர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். ரயிலில் நாயைக் கூட வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கைக் கூப்பேயையோ நாலு படுக்கை அறையையோ முழுவதுமாக எடுக்க வேண்டும். மற்ற ஏசி வகுப்புகளிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாக்பூர் வெயிலில் அந்தக் கூண்டை நினைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் கிளம்புவது உத்தமம்.

15. ஒத்துவரவே இல்லையென்றால்: குறைந்தது ஒரு மாதமாவது பாருங்கள். அப்புறமும் முடியாவிட்டால் எடுத்த இடத்துக்கே பேசிவிட்டுக் கொண்டுபோய் விடுங்கள், தெருவில் இறக்காதீர்கள். பசியில் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு வழி போட்டவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடினார். முதல் குற்றத்துக்கு அதில் போட்ட அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. ரத்தம் கொதிக்கும், ஆனால் எழுதி வைத்திருப்பது அதுதான். திருப்பி விடும்போது அதன் போர்வையையும் கூடவே கொடுங்கள். கூண்டில் முதல் ராத்திரி அந்த வாசனை அதற்கு வேண்டியிருக்கும்.