தண்ணீருக்குப் புகழ், வைனுக்குப் பழி

கேள்வி: ஆர்டிசோக் சாப்பிடும்போது வைன் குடிக்கக் கூடாது என்று பிரெஞ்சுச் சாப்பாடு தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இந்தக் கட்டுப்பாடு எதிலிருந்து வந்தது? இதில் விஷயம் இருக்கிறதா, வெறும் பந்தாவா?
– வாசகர், வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: விஷயம் இருக்கிறது. அது இருக்கும் இடம் நம் நாக்கு. ஆர்டிசோக் என்பது முட்செடி ஒன்றின் விரியாத மொட்டு. அதை வேகவைத்து, செதில் செதிலாகப் பிய்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டியிருக்கும் கொஞ்சூண்டு சதையைப் பல்லால் சுரண்டித் தின்பார்கள். நாலைந்து செதில் உள்ளே போன பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் பலருக்கு அது இனிக்கும். 1934இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் விருந்தொன்றில் உயிரியலாளர்கள் ஏறத்தாழ 250 பேருக்கு ஆர்டிசோக் பரிமாறினார்கள். தண்ணீரின் ருசி மாறிவிட்டது என்று சொன்னவர்கள் சுமார் 60 சதவீதம். பிளேக்ஸ்லீ என்ற மரபியலாளர் மறு ஆண்டு இதை எழுதிவைத்தார். காரணத்தைத் தேடிப் பிடித்தது லிண்டா பார்ட்டோஷக் குழு; 1972இல் சயன்ஸ் இதழில் வந்த அவர்களுடைய ஆய்வு சைனரின், குளோரோஜெனிக் அமிலம் ஆகிய இரண்டின் உப்புகளைச் சுட்டியது. இவை தண்ணீரில் கலந்து இனிப்பூட்டுவதில்லை. நாக்கைத்தான் சில நிமிடங்களுக்கு மாற்றிவைக்கின்றன. அந்த நிலையில் வாய்க்குள் வருவது எதுவானாலும் கூடுதலாக இனிக்கும். தண்ணீருக்கு அது லாபம். வைன் நிற்பதோ புளிப்பும் துவர்ப்பும் கொஞ்சம் இனிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் சமநிலையில். அதில் இனிப்பு மட்டும் ஏறினால் மந்தமாகிவிடும், திகட்டும். விலை கூடிய வைனாக இருந்தால் கோபமும் கூடும். (ஆஸ்பாரகஸ் மேலும் இதே பழி உண்டு, அங்கே குற்றவாளி கந்தகச் சேர்மங்கள்.)

இது வைனுக்கென்று பிறந்த சிக்கல் அல்ல என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. பெருநெல்லியைக் கடித்தால் முதலில் புளிப்பு, பிறகு ஈறு வரை பிடித்திழுக்கும் துவர்ப்பு. அதன்மேல் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் தித்திப்பு. குறுந்தொகையின் 317ஆம் பாட்டில் காட்டு மரை ஒன்று நெல்லியைத் தின்றுவிட்டுச் சுனைநீர் பருகுகிறது. நெல்லிக்குப் பின் தண்ணீர் என்ற வரிசை அவ்வளவு பழையது. நெல்லியில் சைனரின் ஏது, இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புளிப்புக்குப் பழகிய நாக்குக்கு வெறும் தண்ணீரே இனிப்பாகப் படும்; நெல்லியில் நடப்பதில் பெரும்பங்கு அது. பொருள் வேறு, வழி வேறு. ஆனால் ஒரு வாயின் ருசியை அதற்கு முந்தைய வாய் தீர்மானிக்கிறது என்பதில் இரண்டும் ஒன்று. நேரெதிராக வேலை செய்யும் இலையும் நம் வேலிகளில் படர்ந்து கிடக்கிறது. சிறுகுறிஞ்சான் இலை இரண்டை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல்போல் நறநறக்கும், இனிக்காது. ஊட்டியில் சிங்கோனாத் தோட்டங்களின் அரசு வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் இந்த இலையை ஆராய்ந்து, ஜிம்னெமிக் அமிலம்தான் காரணம் என்று எழுதினார்.

தமிழர்களுக்கு வைன் பழக்கம் இல்லை, அதனால் இப்படி ஒரு குறை கண்ணில் படவில்லை என்பார்கள். ஆனால் உங்கள் ஊருக்குத் தெற்கே, நடந்தே போய்விடக் கூடிய தூரத்தில் இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. எல்லாம் மதுச் சாடிகள் அல்ல. எண்ணெயும் மீன்சாறும் வந்தவையும் உண்டு. ஆனால் கிரேக்கத் தீவான கோஸ் வகை மதுச் சாடிகள் அவற்றில் தெளிவாக இருக்கின்றன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. ஆக, பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கரைக்கு வைன் தெரியும். தெரிந்தும் நாக்கு மாறும் வித்தையை நாம் தண்ணீரோடு சேர்த்துப் புகழ்ந்தோம். சாராயக் கடையில் ஊறுகாயைத் தொட்டுக்கொள்கிறவரும் ருசி கெட்டது என்று புகார் சொல்வதில்லை. சாராயத்தில் காப்பாற்றும்படி சமநிலை ஏதுமில்லை. பழி சொல்லும் வழக்கம் வைனை நடுவில் வைத்துச் சாப்பாட்டைச் சுற்றிலும் அடுக்கும் நாட்டில்தான் கிளம்ப முடியும்.

அப்படியானால் ஆர்டிசோக்கை மாய்ந்து மாய்ந்து தின்னும் இத்தாலிக்காரர் மேசையில் வைன் எப்படி நிற்கிறது? இந்த எதிர்வாதம் வலுவானது, விதியின் எல்லையையும் அதுவே காட்டிவிடுகிறது. அவர்கள் எலுமிச்சை பிழிகிறார்கள், ஆலிவ் எண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்க்கிறார்கள், புளிப்பு தூக்கலான வெள்ளை வைனை ஊற்றுகிறார்கள். புளிப்பு மிச்சமிருக்கும் வைனுக்கு ஏறுகிற இனிப்பைத் தாங்கும் இடம் உண்டு. சிவப்பு வைனுக்கு அது இல்லை. இருக்கிற துவர்ப்போடு மொட்டின் கசப்பும் சேர்ந்து வாயில் இரும்பு வாடை அடிக்கும். 1952இல் சந்தைக்கு வந்த சினார் என்ற இத்தாலிய மதுவில் ஆர்டிசோக்கே ஒரு சரக்கு. அது ஏற்கெனவே கசப்பும் தித்திப்புமானது, கெடுவதற்கு ஒன்றுமில்லை. அந்த 1934 விருந்தில் மீதி 40 சதவீதம் பேருக்குத் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நாலைந்து செதிலும் ஒரு தம்ளர் தண்ணீரும் போதும். இனித்தால், ஆர்டிசோக்கை அந்தத் தண்ணீரோடே முடித்துவிட்டு, கொஞ்சம் ரொட்டி மென்று வாயைத் தேற்றிக்கொண்டு, அடுத்து வரும் வஞ்சிரம் வறுவலுக்கு வைன் பாட்டிலைத் திறக்கலாம்.