ஆவணி மாலையில் பூங்கா நடை

ஆடி போன பிறகும் சென்னையில் பகல் வெயில் விடுவதில்லை; பொழுது சாய்ந்தால் திடீரென்று இடியும் மழையும். பூங்காவில் நிதானமாக நாலு சுற்று வர நினைப்பவர்களுக்கு:

1. ஐந்து மணிக்கு மேல் கிளம்புங்கள். நடைபாதைக் கல்லின் சூடு கொஞ்சமாவது தணிந்திருக்கும்.

2. கணுக்காலிலும் பாதத்திலும் கொசுவிரட்டிக் களிம்பு தடவுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இருட்டும்வரை காத்திருக்காது.

3. பெஞ்சில் உட்காருமுன் அடிப்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள், கம்பளிப்பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கலாம். மேலே பட்டுவிட்டால் சொறியாதீர்கள், முடி இன்னும் உள்ளே ஏறும். அந்த இடத்தில் செலோ டேப்பை ஒட்டி உரித்தெடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

4. இடி கேட்டதும் மரத்தடியை விட்டு விலகி, கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தில் இறங்கும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மீதும் பாயும். குடைதான் இருக்கிறதே என்று தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்பது சாமர்த்தியமல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

5. தேய்ந்த ரப்பர் செருப்பு வேண்டாம். நனைந்த டைல்ஸில் வழுக்கும்.

6. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓடினால்தான் அது விடாது.