பெரும்படையை நடத்தும் கணக்கு
(விண்வெளிப் போர் விளையாட்டில் ஒரு பாடம்)

‘விளையாட்டைப் பற்றி ஆண்டு மலரில் கட்டுரையா?’ என்று கேட்போர் இருக்கக்கூடும். சதுரங்கத்தைப் பற்றி எழுதினால் எவரும் அவ்வாறு கேட்பதில்லை. சதுரங்கத்தில் காய்கள் பதினாறு. ஒரு முறைக்கு ஒரு காயையே நகர்த்துகிறோம். நான் எழுதப் புகும் விளையாட்டிலோ காய்கள் ஐம்பதும் அறுபதும் ஆகும். அத்தனையும் ஒரே நேரத்தில் நகரும். பகைவன் நம் முறைக்காகக் காத்திருக்கவும் மாட்டான். நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம், “கப்பல்கள் ஐந்தாறு இருக்கும்வரை சமாளிக்கிறோம், பெரும்படை ஆனதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது?” என்று கேட்டனர். அக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் பெயர் ‘ஹோம்வேர்ல்டு’. கனடா நாட்டு வான்கூவர் நகரைச் சேர்ந்த ரெலிக் நிறுவனத்தார் ஆக்க, 1999-இல் வெளிவந்தது. 2015-இல் கியர்பாக்ஸ் நிறுவனத்தார் அதைப் புதுக்கி வெளியிட்டனர். காரக் என்னும் பாலைவனக் கோளில் வாழும் மக்கள், தம் முன்னோரின் தாயகம் வேறொரு விண்மீனின் அருகே உள்ளது என்று அறிந்து, மாபெரும் தாய்க்கப்பல் ஒன்றைக் கட்டிப் புறப்படுகின்றனர். காரன் என்னும் அறிவியலாள் தன் மூளையையே அக்கப்பலுடன் பிணைத்துக்கொண்டு அதை நடத்துகிறாள். ஆடுகிறவர் இருப்பதும் ஏறக்குறைய அவள் நிலையில்தான்: படை முழுவதற்கும் ஒரே மனம்.

இவ்விளையாட்டின் தனிச்சிறப்பு ஒன்றை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் மிஞ்சிய கப்பல்களே அடுத்த கட்டத்திற்கு உடன் வரும். ஆகவே வென்றோமா என்பது மட்டும் கேள்வியன்று; வென்றபின் எத்தனை மிஞ்சின என்பதே பெரிய கேள்வி. பல கட்டங்களுக்குப் பின் வரும் தோல்விக்கு விதை, முன்னொரு நாள் பெற்ற ‘வெற்றி’யிலேயே இருந்திருக்கலாம்.

என் முதல் தோல்வி

மூன்றாவது கட்டத்தில் தாய்க்கப்பல் காரக்கிற்குத் திரும்புகிறது. கோள் பற்றி எரிந்துகொண்டிருக்கிறது. எஞ்சிய மக்கள் உறைதூக்கத்தில் ஆழ்ந்த பெட்டகங்கள் மட்டும் வானில் மிதக்கின்றன. பகைவரின் பிரிகேட் வகைக் கப்பல்கள் அவற்றைச் சுட்டுக்கொண்டிருக்கின்றன. தன் இனத்தில் மிச்சமுள்ளோர் அந்தப் பெட்டகங்களில் உறங்குவோரே என்னும்போது, ஆடுகிறவன் நெஞ்சு பதறாமல் இராது.

நானும் பதறினேன். பகைக் கப்பல் ஒவ்வொன்றிற்கும் சில இன்டர்செப்டர்கள் என்று என் சிறு போர்க்கலங்களைப் பங்கிட்டேன். எல்லாரையும் ஒரே நேரத்தில் தடுத்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். பிறகு ஒரு குழுவிலிருந்து மற்றொரு குழுவிற்குத் தாவித் தாவிக் கட்டளைகள் இட்டேன். பகைக் கப்பல்கள் எல்லாம் புகைந்தன. ஆனால் ஒன்றும் வீழவில்லை. பெட்டகங்களோ ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன.

மறுநாள் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டேன். பகைக் கப்பல்கள் நான்கு என்று கொள்வோம். நம் முழுப்படையும் சேர்ந்து சுட்டால் ஒன்றை வீழ்த்த ஒரு நிமிடம் ஆகும் என்றும் கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக வீழ்த்தினால், முதல் நிமிடத்தில் நான்கு கப்பல்கள் சுடும், அடுத்த நிமிடத்தில் மூன்று, பின் இரண்டு, பின் ஒன்று. கூட்டினால் பத்து. படையை நான்காகப் பிரித்து நான்கையும் ஒருங்கே தாக்கினாலோ, நான்கும் நான்காம் நிமிட முடிவில்தான் வீழும். அதுவரை நான்கும் சுட்டுக்கொண்டே இருக்கும். நான்கு நான்காகப் பதினாறு. உழைப்பு ஒன்றே, நேரமும் ஒன்றே. ஆனால் பெட்டகங்கள் மேல் விழும் அடி பத்துக்குப் பதினாறாகிறது. பாதி சிதைந்த கப்பலின் பீரங்கி பாதியாகச் சுடுவதில்லை என்பதை நான் மறந்துவிட்டேன்.

அன்று மாலை எல்லா இன்டர்செப்டர்களையும் ஒரே குழுவாக்கினேன். பெட்டகங்களுக்கு மிக அருகில் இருந்த பகைக் கப்பலை முதலில் காட்டினேன். அது வீழ்ந்தபின் அடுத்தது. கட்டளைகள் கைவிரலில் எண்ணக்கூடியவையே. பெட்டகங்கள் பிழைத்தன.

லாங்கெஸ்டரின் வர்க்க விதி

பெரும்படைக்கு இக்கணக்கைப் பொதுவாக்கிக் காட்டியவர் ஃபிரெடரிக் லாங்கெஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியாளர். மோட்டார் வண்டிகள் அமைத்துப் புகழ்பெற்ற இவர், 1916-இல் வெளியான தம் நூலில் ஆகாய விமானப் போரை ஆராயும்போது இவ்விதியை விளக்கினார். அதன் சாரம் எளிது. குறிபார்த்துச் சுடும் போரில், ஒரு படை குறையும் வேகம் எதிர்ப்படையின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே எண்ணிக்கை இருமுறை பயன்படுகிறது: நம் கப்பல்கள் மிகுந்தால் பகைவர் மேல் விழும் குண்டுகளும் மிகும், பகைவர் குண்டுகள் நம் பலருக்குள் பங்கிடப்படுவதால் ஒவ்வொருவர் மேலும் விழுவது குறையும். அதனால் படையின் வலிமை அதன் எண்ணிக்கையாக அன்றி, எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது. கப்பல்கள் சம தரமானவையாயின், இரு படைகளின் வர்க்கங்களின் வேறுபாடு போர் முழுதும் மாறாமல் நிற்கும்.

ஓர் உதாரணம் காண்போம். நம்மிடம் 30 கப்பல்கள். பகைவரிடம் அதே வகையில் 20.

முதல் முறை: முப்பதும் ஒன்றாகச் செல்கின்றன. 900-இல் 400 போக 500. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 22. பகைவர் அழிய, நமக்கு 22 கப்பல்கள் மிஞ்சும்.

இரண்டாம் முறை: பதினைந்து பதினைந்தாக, ஒன்று அழிந்தபின் மற்றொன்று செல்கிறது. முதற்பகுதி அழியும்போது பகைவரிடம் 400-இல் 225 போக 175-இன் வர்க்கமூலம், அதாவது 13 மிஞ்சும். நம் இரண்டாம் பகுதி அவற்றை அழித்து, 225-இல் 175 போக 50-இன் வர்க்கமூலமாகிய 7 கப்பல்களோடு நிற்கும்.

மூன்றாம் முறை: பத்துப் பத்தாக மூன்று பகுதிகள். 400-இல் மூன்று நூறு போக 100. நம் முப்பதும் அழிந்துபோகும். பகைவரிடம் 10 கப்பல்கள் மிஞ்சும்!

அதே முப்பது, அதே இருபது. முதல் முறை பெருவெற்றி, இரண்டாவது, அடுத்த கட்டத்தில் நம்மைக் கவிழ்க்கும் வெற்றி, மூன்றாவது முழுத்தோல்வி.

‘நான் பிரித்து அனுப்பவில்லையே’ என்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிந்து, தொலைவில் உள்ள பகைவனைக் காட்டித் ‘தாக்கு’ என்றால், விரைவான இன்டர்செப்டர்கள் முதலில் போய்ச் சேரும். நடுத்தரக் கார்வெட்டுகள் பிறகு வரும். கனத்த பிரிகேட்டுகள் அவை அழிந்தபின் வந்து சேரும். நாம் பிரிக்காவிட்டாலும் வேகம் பிரித்துவிடுகிறது. இதுவே நண்பர்களிடம் நான் மிகுதியாகக் கண்ட பிழை. தூசிப்படை முன்னே ஓடிச் சாக, கூழைப்படை பின்னே வந்து சாகிறது.

நெல்சனின் திட்டம்

இவ்விதியை லாங்கெஸ்டர் ஒரு கடற்போரோடு பொருத்திக் காட்டினார். 1805-இல் டிரபால்கர் போருக்கு முன் நெல்சன் வகுத்த திட்டத்தில், தம்மிடம் 40 கப்பல்களும் பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டணியிடம் 46 கப்பல்களும் இருக்கும் என்று கொண்டார். நேருக்கு நேர் நின்றால் 1600-க்கு 2116, தோல்வி உறுதி. ஆகவே பகைவரின் வரிசையை நடுவே பிளந்து, பின்பாதியாகிய 23 கப்பல்களை 32 கப்பல்களால் தாக்குவது, முன்பாதியாகிய 23-ஐ 8 கப்பல்களால் தடுத்து நிறுத்துவது என்று வகுத்தார். பிரிந்த படைக்கு வர்க்கங்களைத் தனித்தனியே கண்டு கூட்ட வேண்டும். 32-இன் வர்க்கமும் 8-இன் வர்க்கமும் சேர்ந்து 1088. 23-இன் வர்க்கம் இருமுறை 1058. தட்டு சாய்ந்துவிட்டது! அக்டோபர் 21-ஆம் நாள் நடந்த போரில் கப்பல்கள் முறையே 27, 33 ஆயின. ஆங்கிலேயர் ஒரு கப்பலையும் இழக்கவில்லை.

நெல்சனிடம் நாம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. புகையில் கொடிச் சைகைகள் தெரியாமற் போகலாம் என்று அவர் முன்பே உணர்ந்தார். ஆகவே திட்டத்தைத் தலைவர்களிடம் முன்னரே விளக்கி, சைகை தெரியாவிட்டால் ஏதேனும் ஒரு பகைக் கப்பலின் அருகே தம் கப்பலைக் கொண்டு நிறுத்துபவர் பெரும் பிழை செய்தவராகார் என்று எழுதி வைத்தார். போர் தொடங்கியபின் அவர் இட வேண்டிய கட்டளைகள் மிகச் சிலவே.

மனத்தின் எல்லை

இனி நம் தலைக்குள் உள்ள தடையைப் பார்ப்போம். ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்று ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியலார் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் என்பார் ஆராய்ந்து, அது நான்கை ஒட்டியதே என்றார். அறுபது கப்பல்களை எவராலும் நடத்த முடியாது. நான்கு குழுக்களை நடத்தலாம். ஆகவே அறுபதை நான்காக்குவதே கலை.

கண்ட்ரோல் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினால், தெரிந்தெடுத்த கப்பல்கள் அவ்வெண்ணுக்குரிய குழுவாகும். பின்பு அவ்வெண்ணை மட்டும் அழுத்தினால் போதும். நான் வைத்துக்கொள்ளும் நான்கு குழுக்கள் இவை.

1. அயான் பீரங்கிப் பிரிகேட்டுகள். பெரிய கப்பல்களைப் பிளப்பவை. பீரங்கி முன்நோக்கியே சுடும். சிறு கலங்களைத் தொடரத் திறமற்றவை. இவற்றைச் ‘சுவர்’ அணியில் நிறுத்தினால் எல்லாப் பீரங்கிகளும் ஒருங்கே பேசும்.

2. பல்பீரங்கிக் கார்வெட்டுகள். பகைவரின் சிறு கலங்களைக் கலைப்பவை. முதற்குழுவைக் காக்குமாறு இவற்றிற்குக் கட்டளை இட்டு, பிறகு தொடாமல் விட்டுவிட வேண்டும்.

3. இன்டர்செப்டர்களும் குண்டுவீச்சுக் கலங்களும். விரைவானவை, ஆகவே இவை கடைசியில் புறப்பட வேண்டியவை. 1999-ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றிற்கு எரிபொருள் தீரும் என்பதையும் மறவாதீர்.

4. பழுதுபார்க்கும் உதவிப் பிரிகேட்டுகளும், பகைக் கப்பலைக் கட்டி இழுத்து வந்து நமதாக்கும் மீட்புக் கார்வெட்டுகளும்.

நடத்தும் முறை இதுவே: பகைவரின் எட்டுக்கு வெளியே ஓரிடத்தைக் குறித்து, மெதுவான குழுவை முதலில் அனுப்புங்கள். எல்லாம் வந்து கூடும்வரை ஒரு குண்டும் வெடிக்கக்கூடாது. கூடியபின் முதற்குழுவிற்கு ஒரே ஓர் இலக்கைக் காட்டுங்கள். இலக்கு வீழ்ந்தபின் அடுத்தது. இங்கு ஒரு விலக்கு உண்டு: சிறு கலங்கள் ஓரிரு குண்டில் வீழ்பவை, அவற்றில் ஒன்றின் மேல் படை முழுவதையும் ஏவினால் குண்டுகள் வீணாகும். சிறியவற்றைச் சிறியவற்றிடமே விட்டுவிடுங்கள்.

இரு கட்டளைகளுக்கு இடையே இடவெளி விசையைத் தட்டி முழு வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள். விண்வெளியில் பகைவன் இடவலமாக மட்டுமன்றி மேலிருந்தும் கீழிருந்தும் வருவான். புகையும் ஒரு கப்பலை அருகில் சென்று பார்த்துக்கொண்டிருப்பது கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்நேரத்தில் மற்ற ஐம்பத்தொன்பதும் தலைவனற்றவை.

கடைசியாக, பின்வாங்குதல். வர்க்கக் கணக்கு எதிராகத் திரும்பிவிட்டால், மிஞ்சியவற்றை உடனே திருப்புங்கள். இழந்த பத்துக் கப்பல்களுக்காகச் சினந்து மேலும் பத்தை அனுப்புவதே மூன்றாம் முறைத் தோல்வி.

நிற்க. லாங்கெஸ்டர் விதி எங்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. எல்லாக் கப்பல்களும் பகைவரை எட்ட வேண்டும்; தரமும் ஒத்திருக்க வேண்டும். தரத்திற்கும் மதிப்புண்டு, ஆனால் அது ஒருமுறையே பெருகும். இரு மடங்கு எண்ணிக்கையைச் சமாளிக்க நான்கு மடங்கு தரம் வேண்டும்.

நண்பர்களுக்கு ஒரு பயிற்சி. நம்மிடம் 50 கப்பல்கள்; பகைவரிடம் 40. ஒன்றாகச் சென்றால் எத்தனை மிஞ்சும்? இருபத்தைந்து இருபத்தைந்தாகச் சென்றால்? விடைகள்: ஒன்றாகச் சென்றால் நமக்கு 30 மிஞ்சும். பிரிந்து சென்றால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. பகைவரிடம் ஏறக்குறைய 19 மிஞ்சும். வழியை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். அதன்பின் விளையாட அமருங்கள். கை தானே ஓடும்.