பாகம் பாகமாக வரும் கார்

சேந்தமங்கலம் சாலையில் ஓடும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சேசிஸ் ஆலையிலிருந்து வரும். பலவற்றுக்குப் பாடி கட்டுவது நாமக்கல் பட்டறைகள். சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனமும் ஏறக்குறைய இப்படித்தான் அயல்நாடுகளில் நுழைகிறது.

1995-இல் மின்கலம் செய்யத் தொடங்கி, 2003-இல் கார்த் தொழிலுக்கு வந்த நிறுவனம் அது. முழுக் காரை அனுப்பினால் இறக்குமதி வரி அதிகம். ஆகவே பாகங்களை அனுப்பி, சேருமிடத்தில் பூட்டுகிறார்கள். 2022-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆட்டோ 3 என்னும் மின்காரை இவ்வாறு பூட்ட ஏற்பாடாயிற்று. விற்பனை பெருகினால் அடுத்த படி சொந்த ஆலை. பிரேசிலில், போர்டு நிறுவனம் மூடிச் சென்ற கமசாரி ஆலையையே எடுத்துக்கொண்டது. இந்தியாவில் அது எளிதன்று. எல்லையை ஒட்டிய நாடுகளின் முதலீட்டுக்கு 2020 முதல் அரசின் முன் அனுமதி வேண்டும்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாமக்கல்லில் மரத்தை அறுத்து, தகட்டை வளைத்துப் பாடியை உருவாக்குகிறார்கள். மின்காரிலோ மிக விலையுயர்ந்த பாகமான மின்கலம் சீனாவில் செய்தே வருகிறது. நமக்குக் கிடைப்பது பூட்டும் வேலைதான்.