தோள் புடைத்த தூரக்கண்ணாடி

கேள்வி: பரணில் தாத்தாவின் ஜெர்மன் பைனாகுலர் கிடைத்தது. தோள் இருபுறமும் புடைத்திருப்பது ஏன்? கோயில் கோபுரத்தைப் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறது. கழற்றித் துடைக்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் தோளின் கதை. 1608-இல் நெதர்லாந்தில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஹே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். இரு கண்ணாலும் பார்க்கும்படி ஒன்று செய்து தரச் சொன்னது அரசு. செய்தும் கொடுத்தார்; காப்புரிமைதான் கிடைக்கவில்லை.

அன்றைய முறையில் பிம்பம் நேராகத் தெரிந்தாலும் பார்வைப் பரப்பு குறுகல். நாடக அரங்குக் கண்ணாடியாகத்தான் அது நெடுங்காலம் பிழைத்தது. வேறு வகை வில்லை போட்டால் பரப்பு விரியும், ஆனால் உலகம் தலைகீழாகிவிடும். 1854-இல் இத்தாலியர் இக்னாசியோ போரோ இதற்கு வழி கண்டார். ஒரு முப்பட்டகம் மேல்கீழைத் திருப்பும், இன்னொன்று இடவலத்தைத் திருப்பும். ஒளி உள்ளேயே மடிந்து மடிந்து வருவதால் குழலும் குட்டையாகும். ஆனால் அதற்கேற்ற தெளிவான கண்ணாடி அப்போது இல்லை. ஓட்டோ ஷாட் அதை உருவாக்கிய பிறகு, எர்ன்ஸ்ட் அபேயின் வடிவமைப்பில் 1894-இல் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முப்பட்டகங்கள் குடியிருக்கும் இடம்தான் உங்கள் தாத்தாவின் பைனாகுலருக்குத் தோள்.

கோளாறும் அங்கேதான். முப்பட்டகங்களை மெல்லிய உலோகப் பட்டை பிடித்திருக்கும். கீழே விழுந்து மயிரிழை நகர்ந்தாலும் இரு குழல்களும் வெவ்வேறு திசை பார்க்கும். கொஞ்சம் விலகியிருந்தால் கண் தானே இழுத்துச் சரிசெய்துகொள்ளும். அதன் விலைதான் தலைவலி. உங்களுக்கு இரண்டாகவே தெரிவதால் விலகல் அதிகம். வீட்டில் திருகைத் தொடாதீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால், கழற்றுமுன் ஒவ்வொரு முப்பட்டகமும் இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெரிய வில்லையின் பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல் போல ஓடினால் பூஞ்சை. மங்கலாகப் படர்ந்திருந்தால், பெரும்பாலும் பழைய கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. உங்கள் ஊர் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுதான். உறையைத் தனியே வைத்துவிட்டு, பைனாகுலரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: சில பைனாகுலர்களில் ‘டி’ (T) என்ற எழுத்து பொறித்திருக்கிறதே?
– வாசகர், காரைக்குடி

பதில்: வெறும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பைனாகுலரின் ஒரு குழலில் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி போச்சு. 1935-இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மகுலா இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். அந்தப் பூச்சுக்கான அடையாளமே ‘டி’. தொடக்ககாலப் பூச்சுகள் மென்மையானவை. வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தால் அழுக்கோடு அதுவும் போய்விடும். ஊதுகுமிழால் தூசியை ஊதித் தள்ளுங்கள், மிருதுவான தூரிகையால் தட்டுங்கள். ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் இரட்டை வில்லைகளை ஒட்டியிருக்கும் பால்சம் பிசின் ஓரத்தில் கரையும். நாலு தூசி ஒட்டியிருந்தால் காட்சி கெடாது. கீறல் விழுந்தால் திரும்பாது.