சுவாசப்பைச் சீழ்க்கட்டியும் அதன் பின்விளைவுகளும்

புறத்தே தோன்றும் கட்டி கண்ணுக்குத் தெரியும், தொட்டால் நோகும், ஆதலின் காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுகின்றோம். அகத்தே தோன்றும் கட்டியோ இருமலும் காய்ச்சலுமாகத் தோன்றி, வாரக்கணக்கில் நம்மை ஏமாற்றவல்லது. சுவாசப்பைச் சீழ்க்கட்டி அத்தகையது.

இந்நோய் உண்டாகும் வகையை முதற்கண் அறிதல் வேண்டும். முரசிலும் பல்லிடுக்கிலும் வாழும் பற்றீரியாக்கள் உமிழ்நீரோடு புரையேறிச் சுவாசப்பையை அடைகின்றன. விழிப்புள்ளவனை இருமல் காக்கும். மதுமயக்கம், வலிப்பு, பாரிசவாதம் என்பவற்றால் உணர்வு மங்கியவிடத்து அக்காவல் தளர்கின்றது. வலப்புறச் சுவாசக்கிளை இடப்புறத்ததினும் அகன்று நேராயிருத்தலின், அப்பக்கமே பெரிதும் தாக்கப்படும். இழையம் அழுகிக் குழியாகி, அதிற் சீழ் நிறைகின்றது. அச்சீழ் மூச்சுக்குழாயினுள் உடைந்து பாயுங்கால் துர்நாற்றமுள்ள சளி வெளிப்படும்.

பெனிசிலின் வழக்கிற்கு வருமுன் இந்நோயாளரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் இறந்தனர். இன்று பெரும்பாலார் மருந்தினாலேயே குணமடைகின்றனர். ஆயினும், சிலரிடத்துச் சீழ் சுவாசப்பையைப் போர்த்த சவ்விடையே பரவித் தேங்குகின்றது. சிலரிடத்துக் குருதிக்குழாய் அரிக்கப்பட்டு இருமலோடு இரத்தம் பெருகுகின்றது. அரிதாகக் கிருமி குருதிவழிச் சென்று மூளையிலும் கட்டியை உண்டாக்குகின்றது. ஒருவருக்கு எளிதில் மாறும் நோய் மற்றொருவருக்குக் கொடிதாதற்குக் காரணம் யாது? காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, நோயாளியின் உடல்நிலை. முதுமை, போசணைக்குறைவு, குருதிச்சோகை, நீரிழிவு ஆகியன உடலின் எதிர்ப்பாற்றலைக் குன்றச் செய்கின்றன.

இரண்டாவது, கட்டியின் இயல்பு. 6 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட குழி எளிதில் ஆறாது. மூச்சுக்குழாயைப் புற்றுநோயோ தவறி உட்சென்ற பொருளோ அடைத்திருப்பின், சீழ் வடிய வழியில்லை. பல்லில்லாதாரிடத்து இக்கட்டி அரிதாகும். ஆகவே, பல்லிழந்த முதியவரிடத்து இது காணப்படின், உள்ளே புற்றுநோய் உளதோவென வைத்தியர் ஐயுறுவர்.

மூன்றாவது, கிருமியின் வகை. ஸ்ரபிலோகொக்கசு, கிளெப்சியெல்லா முதலியன வாய்க்கிருமிகளினுங் கொடியன. இலங்கையில் 1927இல் முதன்முதலாகப் பதிவாகிய மெலியோய்டோசிஸ் நோயும் சுவாசப்பையிற் சீழ்க்கட்டியை உண்டாக்கும். அதன் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்வது. வயலில் இறங்கி உழைக்கும் நீரிழிவு நோயாளர் மிகவும் விழிப்பாயிருத்தல் வேண்டும். இந்நோயைக் கயரோகமென மயங்கவும் இடமுண்டு. பெனிசிலினுக்கு இது அடங்காது. தக்க ஊசிமருந்தின் பின்னரும் மூன்று மாதமேனும் மாத்திரை உட்கொள்ளல் வேண்டும். எனவே, சளியையும் குருதியையும் சோதித்துக் கிருமியை இனங்காணல் இன்றியமையாதது.

நான்காவது, தாமதம். அது இருவகைப்படும். வைத்தியரை நாடாது நாட்கழித்தல் ஒன்று. தொடங்கிய மருந்தை இடையில் நிறுத்துதல் மற்றொன்று. காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரமளவில் தணியும். குழி ஆறுதற்கோ பல வாரங்கள் செல்லும். காய்ச்சல் விட்டதும் நோயும் விட்டதென எண்ணுவோர் ஏமாறுவர். மருந்தை நிறுத்துங் காலத்தை நெஞ்சின் கதிர்ப்படங் கண்டு வைத்தியரே தீர்மானித்தல் முறை.

முன்னைய மூன்றும் முற்றாக நம் வசத்தன அல்ல. நான்காவது பெரிதும் நம் வசத்தது. பல்லையும் முரசையும் தூயனவாகப் பேணுதல், மதுவை விலக்கல், நீரிழிவைக் கட்டுப்படுத்தல் என்பன இந்நோய் வராமற் காக்கும் வழிகள். வாரங்கடந்த இருமலோடு காய்ச்சலும் மெலிவும் நாற்றமுள்ள சளியுங் காணப்படின், இன்றே வைத்தியசாலைக்குச் செல்க. வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுதல் இளைஞர் கடன்.