வெயில் ஊரில் வெயில் பஞ்சம்



எங்கள் சிறுசேரியில் வெயிலுக்குக் குறைவே இல்லை. ஆனால் சென்ற ஆண்டு என் இடுப்பிலும் தொடையிலும் ஓயாத வலி. மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்தான் இருந்தது. 20க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை.

"தினமும் காலை ஜன்னலோர வெயிலில்தானே உட்காருகிறேன்?" என்றேன். "ஜன்னல் மூடியா, திறந்தா?" என்று கேட்டார் மருத்துவர். மூடித்தான் இருந்தது! இயற்பியல் ஆசிரியனான நான் தலைகுனிந்தேன். ஏன் தெரியுமா?

நம் தோலில் கொழுப்பு வகைப் பொருள் ஒன்று உண்டு. ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் அது வைட்டமின் டி ஆக மாறத் தொடங்கும். உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச இந்த வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் குழந்தைகளின் கால் எலும்பு வளையும். பெரியவர்களுக்கு எலும்பு வலியும் தசைத் தளர்ச்சியும் வரும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். இந்தக் கதிரை விடாது. 1919இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி எலும்பு வளைந்த குழந்தைகளை விளக்கொளியால் குணப்படுத்தினார். அவர் பயன்படுத்தியது குவார்ட்ஸ் குழாயாலான பாதரச விளக்கு. குவார்ட்ஸ் புற ஊதாக் கதிரை விடும்.

என் இரண்டாவது தவறு, நேரம். கதிரவன் 30 பாகை உயரத்தில் இருக்கையில் ஒளி காற்று மண்டலத்தில் கடக்கும் தூரம், அது உச்சியில் இருக்கும்போது உள்ளதைப்போல் இரு மடங்கு (சைன் 30 = ½ அல்லவா?). வழியிலுள்ள ஓசோன் இக்கதிரைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். நம் அண்டையிலுள்ள திருப்பதியில், தோலிலுள்ள அப்பொருளைக் கதிர் புகும் குப்பிகளில் அடைத்து, காலை 8 முதல் மாலை 4 வரை மணிக்கொரு முறை வெயிலில் வைத்துப் பார்த்தனர். 11 மணிக்கும் 2 மணிக்கும் இடையில்தான் மாற்றம் மிகுதி என்று 2013இல் வெளியிட்டனர்.

நீங்களும் சோதிக்கலாம். ஒரு மீட்டர் குச்சியை நிலத்தில் செங்குத்தாக நட்டு நிழலை அளந்து பாருங்கள். நிழல் குச்சியைவிடக் குட்டையாயிருந்தால் கதிரவன் 45 பாகைக்கு மேலே இருக்கிறது. அதுவே ஏற்ற நேரம். டிசம்பர் 21 நண்பகலிலும் இங்கே நிழல் சுமார் 73 சென்டிமீட்டர்தான். ஆண்டு முழுவதும் நமக்கு இந்த வாய்ப்பு உண்டு!

கையும் காலும் வெயிலில் படச் சில நிமிடங்கள் நில்லுங்கள். கருந்தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. ஆனால் தோல் எரியும்வரை நிற்க வேண்டாம். வலியிருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

மருத்துவர் தந்த மாத்திரையை வாரம் ஒன்றாக எட்டு வாரம் உண்டேன். இப்போது கைப்பிடி தேவையில்லை. பகலுணவுக்குப் பின் மாணவர்களோடு திடலில் நடக்கிறேன். எங்கள் நிழல்கள் எங்களைவிடக் குட்டையாய்க் கூடவே வருகின்றன.